கை காட்டியவன் நின்ற இடம்

என் கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கும். எந்த ர, எந்த ன என்பது இன்னும் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். படிக்கிறவர்கள் இந்த இரண்டு குறைகளையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த நோட்டில் நான் கேட்கிற மன்னிப்பு இவ்வளவுதான். மற்றபடி அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் செய்த எதற்கும் யாரிடமும் மன்னிப்பு கேட்பதாக இல்லை. கேட்கச் சொன்னார்கள், கேட்கவில்லை. அது எப்படி நடந்தது என்று எழுதிவைக்கிறேன்.

ராயபுரம் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளியில் நான் பியூன். தலைமையாசிரியரின் சர்க்குலரை வகுப்பு வகுப்பாக எடுத்துப் போய் வாத்தியார்களிடம் கையெழுத்து வாங்கி வருவது என் முக்கியமான வேலை. கதவருகே நிற்பேன். வாத்தியார் கவனிக்கிற வரைக்கும் நிற்பேன். "சார்" என்று கூப்பிடக் கூச்சம். பத்து நிமிஷம்கூட நின்றதுண்டு. அப்படி நின்று நின்று, நான் படிக்காத பாடங்களையெல்லாம் வாசலிலிருந்தே கேட்டிருக்கிறேன்.

அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் துறைமுகத்தில் இருந்தேன். சரக்குக் கப்பலில் கை காட்டுகிறவன். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கப்பலின் மேல்தளத்தில் ஒரு பெரிய சதுர வாய் இருக்கும். அதன் வழியாகத்தான் சரக்கு வயிற்றுக்குள் இறங்கும். சரக்கைத் தூக்குகிற வின்ச்சை ஓட்டுகிறவன் தள்ளி உட்கார்ந்திருப்பான். அவனுக்குக் கீழே வயிற்றில் என்ன நடக்கிறது என்று தெரியாது. கீழே நின்று சரக்கை வாங்குகிறவர்களுக்கு வின்ச்சுக்காரன் தெரிய மாட்டான். அந்த வாயின் விளிம்பில் ஒருவன் நிற்பான். அவனுக்கு மட்டும் இரண்டு பக்கமும் தெரியும். உள்ளங்கையைக் கவிழ்த்து ஆட்டினால் இறக்கு. விரலைச் சுழற்றினால் தூக்கு. கையை மூடினால் நிறுத்து. இரைச்சலில் வாய்ப்பேச்சு செல்லாது. கைதான் பேச்சு. என்னைப் போன்ற கூச்சக்காரனுக்குப் பொருத்தமான வேலை.

யுத்தம் முடிந்த கையோடு நான் அந்த வேலையை விட்டேன். ஏன் விட்டேன் என்பது பின்னால் வரும்.

பள்ளிக்கூடத்துக்குத் தெற்கத்திச் சீமையிலிருந்து ஒரு தமிழ் வாத்தியார் வந்தார். இருபத்தைந்து வயசுகூட ஆகியிருக்காது. அவருடைய தாய்மாமன் ராயபுரத்தில் மளிகைக்கடை வைத்திருந்தார். வாத்தியார் எல்லோரையும் "அண்ணாச்சி" என்பார். என்னையும். பியூனை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பையன்கள் அவருக்குப் பின்னால் "அண்ணாச்சி சார் வர்றாரு, கால் வீசை துவரம்பருப்பு குடுங்க" என்று கிண்டல் பண்ணுவார்கள். அவர் காதிலும் விழும். சிரித்துக்கொள்வார்.

அவர் வேலை தற்காலிகம். அந்த வருஷம் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகுதான் நிரந்தரமாகும். ஆகவில்லை என்றால் மாமன் கடையில் பொட்டலம் மடிக்கப் போகவேண்டும். "மாமா தராசையே ரெடியா வச்சிருக்காரு அண்ணாச்சி, என் தலையெழுத்தை நிறுக்க" என்று என்னிடம் ஒருநாள் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு ஆபீஸ் பக்கம் ஒரு நடை வந்து போவார்.

ஐந்தாம் பாரத்துக்கு, அதாவது பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, உபபாட நூலில் சிறுகதைகள் இருந்தன. கதையைப் படித்தால் மட்டும் போதாது. சிறுகதைக்கு உறுப்புகள் எவை என்று பிள்ளைகள் சொல்லவேண்டும். கரு, கதைக்கோப்பு, பாத்திரம், இடமும் காலமும், உச்சநிலை, கதை சொல்பவரின் நோக்கு. தலைமையாசிரியர் இந்த ஆறுக்கும் ஆறு விளக்கம் தயாராக வைத்திருந்தார். அதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு மனப்பாடம் பண்ணவைத்தால் போதும் என்பது அவர் உத்தரவு. அந்த உத்தரவையும் நான்தான் சர்க்குலராகக் கொண்டுபோனேன். வாத்தியார் கையெழுத்துப் போட்டார். ஆனால் எழுதிப் போடவில்லை.

ஒருநாள் வேறொரு சர்க்குலரோடு வாசலில் நின்றிருந்தேன். வாத்தியார் ஒரு கதையை வாசித்துவிட்டு, இதைச் சொல்கிறவர் எங்கே நின்று சொல்கிறார் என்று கேட்டார். அவர் கேட்டது, கதையில் நடப்பதில் எவ்வளவு சொல்கிறவருக்குத் தெரியும், எவ்வளவு தெரியாது என்பதை. பிள்ளைகளுக்கு அது விளங்கவில்லை. ஒருவன் எழுந்து, "பஸ் ஸ்டாண்டுல சார்" என்றான். இன்னொருவன், "இல்ல சார், குந்திகினு சொல்றாரு" என்றான். வகுப்பே சிரித்தது. வாத்தியாரும் விதம்விதமாகக் கேட்டுப் பார்த்தார். கடைசியில் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

எனக்குள் ஏதோ துறுதுறுவென்றது. என்னையும் அறியாமல் என் வலது கை கவிழ்ந்து ஆடியிருக்கிறது. முன் பெஞ்சில் ஒரு துறைமுகத் தொழிலாளியின் மகன் அதைப் பார்த்துவிட்டான். பிள்ளைகள் என்னை நைனா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"சார், நைனா ஹார்பர்ல கை காட்டிகினு இருந்தவரு. எங்கப்பன் சொல்லும். அவரு எங்க நின்னாருன்னு கேளுங்க சார்."

எனக்கு ஓடிப் போய்விடலாம் போல இருந்தது. வாத்தியார் விடவில்லை. கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டார். "சொல்லுங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, அவர் போய்க் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றார். இதை இங்கே அழுத்தி எழுதுகிறேன்: அவர் வகுப்பை விட்டு வெளியே போகவில்லை.

பேச எனக்கு வாய் வரவில்லை. அதனால் பேசாமல் செய்து காட்டினேன். தேசப்படம் மாட்டுகிற கயிற்றை அவிழ்த்தேன். அதன் ஒரு முனையில் கரும்பலகை துடைக்கிற டஸ்டரைக் கட்டினேன். கயிற்றை ஜன்னல் கம்பியில் போட்டு, மறு முனையை ஒரு பையனிடம் கொடுத்து, சுவரைப் பார்த்து உட்காரவைத்தேன். நீ வின்ச்சுக்காரன், உனக்குத் தெரிவது என் கை மட்டும். மூன்று பிள்ளைகளை ஜன்னலடியில் மேஜை மறைவில் உட்காரவைத்தேன். நீங்கள் கப்பல் வயிற்றில் இருக்கிறவர்கள், உங்களுக்குத் தெரிவது வருகிற சரக்கும் மேலே என் கையும் மட்டும். நான் நடுவில் நின்றேன். வின்ச்சுக்காரன் என் கையைப் பார்க்கத் தலையை மட்டும் திருப்பிக்கொள்ளலாம் என்றேன். கையைக் கவிழ்த்தேன். டஸ்டர் இறங்கியது. ஒருவன் தலையில் சுண்ணாம்புத் தூள் கொட்டியது. சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

பிறகு சொன்னேன். இதே சரக்கு இறங்கினதை மூணு பேரும் வூட்ல போய்ச் சொல்லணும். வின்ச்சுக்காரன் இன்னா சொல்வான்? கீழ இருந்தவன் இன்னா சொல்வான்? நடுவுல நின்னவன் இன்னா சொல்வான்? ஒவ்வொருவராகச் சொன்னார்கள். மூன்றும் மூன்று கதையாக இருந்தது. மூன்றும் பொய் இல்லை.

வாத்தியார் பின்னாலிருந்து, "கதை சொல்றவர் நிக்கிற இடம்னு நான் இம்புட்டு நேரம் கேட்டது இதைத்தான்" என்றார்.

அதோடு நான் வந்திருக்கலாம். பிள்ளைகள் விடவில்லை. மெய்யாலுமே யாருக்காவது அடிபட்டிருக்குதா என்று கேட்டார்கள். நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான், என் சம்சாரத்திடம்கூட முழுதாகச் சொல்லாத விஷயம் அது.

இரும்புக் குழாய்க் கட்டு இறங்கிக்கொண்டிருந்தது. கீழே என் தோஸ்து, காசிமேட்டுக்காரன், சரக்கு வந்து உட்காருவதற்காகப் போட்ட மரக்கட்டை கோணலாக இருந்ததை நேராக்கக் குனிந்தான். அந்தச் சமயம் மேஸ்திரி கரையிலிருந்து என்னைக் கூப்பிட்டுக் கத்தினார். நான் திரும்பினேன். ஒரு மூச்சு விடுகிற நேரம். என் கண்தான் திரும்பியது. கை இன்னும் இறக்கு, இறக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தது. வின்ச்சுக்காரன் கையை நம்பினான். என் தோஸ்துக்கு வலது பாதம் போயிற்று.

வாத்தியார், இந்தக் கதைக்கு உச்சநிலை எது என்று மெதுவாகக் கேட்டார். பெரும்பாலானவர்கள் குழாய்க்கட்டு விழுந்த இடம் என்றார்கள். அந்த வகுப்பில் பெண்பிள்ளைகள் நாலைந்து பேர்தான். அதில் மீன் விற்கிறவர் மகள் ஒருத்தி எழுந்தாள்.

"இல்ல சார். நைனா மூஞ்சியைத் திருப்பினாரே, அதான். அப்பால நடந்த எதையும் யாராலயும் நிறுத்தியிருக்க முடியாது."

வாத்தியார் சரி என்று தலையை அசைத்தார். அவள் உட்காரவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள்: "விசாரிச்சப்போ நீ இன்னா சொன்ன நைனா?"

நான் சர்க்குலரை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். கையெழுத்து வாங்கக்கூட மறந்துவிட்டேன்.

நான் அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன். துறைமுகத்தில் விசாரணை வந்தபோது மேஸ்திரி ஒரு தாள் எழுதிக்கொண்டு வந்தார். தொழிலாளி சைகைக்குக் காத்திருக்காமல் தானாகவே உள்ளே காலை வைத்தான் என்று அதில் இருந்தது. நான் அதை வாசிக்கவே இல்லை. வாசித்தால் போட முடியாது என்று தெரிந்து, வாசிக்காமலே கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாளை வைத்து என் தோஸ்தை மறுபடி துறைமுகத்துக்குள் விடவில்லை. அடுத்த வாரம் நான் விளிம்பில் நின்று கையைத் தூக்கினேன். கை நடுங்கியது. நடுங்குகிற கையை நம்பி நாலு பேர் கீழே நிற்கக்கூடாது என்று வேலையை விட்டேன்.

இரண்டு மாதம் கழித்து இன்ஸ்பெக்டர் வந்தார். ஐந்தாம் பாரத்துக்குள் அவரும் தலைமையாசிரியரும் போனார்கள். நான் நாற்காலி தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். சிறுகதையின் உறுப்புகளைப் பற்றிக் கேள்வி வந்தது. ஆறையும் ஒரு பையன் வரிசையாகச் சொன்னான். உச்சநிலை என்றால் என்ன என்று இன்ஸ்பெக்டர் அந்த மீன்காரர் மகளைக் கேட்டார். தலைமையாசிரியரின் உதடு, தான் எழுதிவைத்திருந்த விளக்கத்தைச் சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் தன் விளக்கத்தைச் சொன்னாள்.

"இனிமே திருப்பி வாங்க முடியாதுன்னு ஆவுற எடம் சார். சத்தம் வர்ற எடம் இல்ல."

இன்ஸ்பெக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அதை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டார். அவள் தயங்கவே இல்லை. விரலை நீட்டி என்னைக் காட்டினாள். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். இன்ஸ்பெக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஏதோ எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் தலைமையாசிரியர் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். மேஜை மேல் ஒரு தாள் இருந்தது. பள்ளிக்கூடத்துக்கே தலைகுனிவு என்றார். பியூன் பாடம் நடத்துகிற பள்ளிக்கூடம் என்று ஜில்லா முழுக்கச் சிரிக்கப்போகிறார்கள் என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, உன் மேல் தப்பு இல்லை, சொன்னதைச் செய்தாய், இதில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ என்றார்.

அந்த வாத்தியாரின் இடத்துக்குத் தலைமையாசிரியருக்கு வேண்டிய ஒருவர் காத்திருந்தார் என்று பிறகு சிலர் சொன்னார்கள். நான் அதைப் பார்க்கவில்லை. பார்க்காததை எழுதமாட்டேன்.

தாளைக் கையில் எடுத்தேன். எழுத்துக் கூட்டித்தான் எனக்குப் படிக்க வரும். உதடு அசையாமல் படிக்கத் தெரியாது.

"உனக்குப் படிக்க என்னப்பா இருக்கு? கீழே போடு, போ" என்றார்.

நான் படித்தேன். தமிழாசிரியர் வகுப்பை விட்டுவிட்டு ஆசிரியர் அறையில் போய்த் தூங்கினார் என்றும், தனக்குப் பதிலாகப் பாடம் நடத்தும்படி என்னைக் கட்டாயப்படுத்தினார் என்றும், அப்படி நடத்தியதற்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன் என்றும் அதில் இருந்தது. முடிக்க வெகுநேரம் ஆயிற்று. அவர் பேனாவின் மூடியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார்.

தாளை மேஜை மேலேயே திரும்ப வைத்தேன். பிறகு சொன்னேன்.

"அய்யா, வாத்தியாரு கிளாசுக்குள்ளதான் இருந்தாரு. பின்னால நின்னுகினு இருந்தாரு. நான் நின்ன எடத்துலருந்து எனக்கு நல்லா தெரிஞ்சுது. இதுல இல்லன்னு கீது."

"நான் இருக்கிறேன்பா உனக்கு. உன் வேலைக்கு ஒண்ணும் வராது."

"என் வேலையைக் கேக்கலீங்க. இதே மாதிரி ஒரு தாள்ல ஏற்கெனவே ஒருவாட்டி போட்டுட்டேன். அது போதுங்க."

அவருக்கு அது விளங்கவில்லை. விளக்கவும் நான் விரும்பவில்லை. வெள்ளைத்தாள் ஒன்று கேட்டேன். தரவில்லை. என் இடுப்பில் இருந்த சர்க்குலர் நோட்டிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்து, அவர் மேஜையின் ஓரத்திலேயே வைத்து, நின்றுகொண்டே எழுதினேன். வாத்தியார் எங்கே நின்றார், நான் எங்கே நின்றேன், டஸ்டர் எங்கே தொங்கியது, பிள்ளைகள் என்ன சொன்னார்கள். அவ்வளவுதான். வாழ்நாளில் நானாக எழுதிய முதல் தாள் அது. கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அவர் சிவப்பு மையை எடுத்தார். ஒவ்வொரு பிழையாகச் சுழித்துக்கொண்டே வந்தார். தாளில் அம்மை போட்டது போல ஆகிவிட்டது. "இதை மேலே அனுப்பினால் சிரிப்பார்கள்" என்றார்.

"சிரிச்சா சிரிக்கட்டுங்க. அனுப்புங்க."

அவர் எழுதிய தாளில் கையெழுத்து இல்லாமல் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. நான் எழுதியதை அனுப்பினாரா, கிழித்தாரா, அது எனக்குத் தெரியாது. அன்றைக்கு மத்தியானம் குழாயடியில் அந்த மீன்காரர் மகளைப் பார்த்தேன். அவள் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். துறைமுகத்துத் தாளைப் பற்றி ஒன்று விடாமல் சொன்னேன். அவள் என்னைத் தேற்றவில்லை. "அவருகிட்ட போய்ச் சொன்னியா?" என்று மட்டும் கேட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டுக்குப் போனேன். என் தோஸ்து வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்தான். சொன்னேன். அவன் ஊசியை இழுத்து அடுத்த கண்ணியைப் போட்டான். "தெரியும் மாமு. அந்தத் தாளைக் காட்டித்தானே என்னைத் தொரத்துனாங்க. கீழ இருந்து உன் கையைத்தானே பாத்துகினு இருப்பேன்" என்றான். டீ வாங்கித் தரவில்லை. உட்காரவும் சொல்லவில்லை. அது அவன் உரிமை. இப்போதும் மாதம் ஒருமுறை போகிறேன். இரண்டாவது தடவையிலிருந்து உட்காரச் சொல்கிறான்.

கோடை விடுமுறைக்கு முன் இரண்டு உத்தரவுகள் ஒரே நாளில் வந்தன. வாத்தியாரின் வேலை நிரந்தரம் என்பது ஒன்று. பியூன் எந்தக் காரணத்துக்காகவும் வகுப்பறைக்குள் நுழையக்கூடாது, இனி வாசல் கேட்டில்தான் வேலை என்பது இன்னொன்று. என்னுடையதைத் தலைமையாசிரியர் நீட்டினார். எழுத்துக் கூட்டிப் படித்தேன். அதில் இருந்தது உண்மை. பார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டேன்.

வாத்தியார் தன் உத்தரவை மாமனிடம் காட்டிவிட்டு வந்து, "தராசை எடுத்து உள்ள வச்சிட்டாரு அண்ணாச்சி" என்றார்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. புது ஐந்தாம் பாரத்துக்கு உபபாட நூலில் சிறுகதைப் பகுதி வந்தபோது, வாத்தியார் வகுப்பு முழுவதையும் வரிசையாக நடத்திக்கொண்டு கேட்டுக்கு வந்தார். பிள்ளைகள் மதில் நிழலில் உட்கார்ந்தார்கள். ஒருவன் டஸ்டரையும் கயிற்றையும் கையோடு கொண்டுவந்திருந்தான். நான் பதறிப்போனேன்.

"சார், உத்தரவு கீது."

"வகுப்புக்குள்ள நீங்க வரக்கூடாதுன்னுதான் உத்தரவு அண்ணாச்சி. வகுப்பு வெளிய வரக்கூடாதுன்னு அதுல எங்க இருக்கு?"

மாடி வராந்தாவில் தலைமையாசிரியர் வந்து நின்றார். எனக்குப் பதிலாகப் போட்டிருந்த புதுப் பியூன் சர்க்குலர் நோட்டோடு ஓடிவந்தார். வகுப்பை உடனே உள்ளே கொண்டுபோகச் சொல்லும் உத்தரவு அது. வாத்தியார் முழுவதும் படித்தார். மதில் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். திருப்பிக் கொடுத்துவிட்டு, "ஆரம்பிங்க அண்ணாச்சி" என்றார்.

தெருவில் துறைமுகத்து லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அந்த இரைச்சலுக்கு மேலே கேட்கிற மாதிரி பேச வேண்டியிருந்தது. பேசினேன். குழாய்க்கட்டைச் சொன்னேன், நான் முகத்தைத் திருப்பியதைச் சொன்னேன், இந்த முறை அந்தத் தாளையும் சொன்னேன். வராந்தாவுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் சொன்னேன்.

பள்ளி மணி கேட்டுக்குப் பக்கத்துக் கம்பத்தில்தான் தொங்குகிறது. அதை அடிக்கிற வேலையும் கேட்டுக்காரனுக்கு உண்டு. பிள்ளைகள் அப்போதுதான் கேள்வி கேட்க ஆரம்பித்திருந்தார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், வராந்தாவைப் பார்த்தேன். அன்றைக்கு மணியைக் கால்மணி நேரம் தாமதமாக அடித்தேன்.

ராயபுரம்,
1958, மார்ச் 9.